துளைக்கும் கருவியும் துளையை மூடும் பொறுப்பும்

1. பொருளும் எல்லையும்

நோயைத் தீர்க்கும் பொருட்டு உடலில் இடப்படும் ஒவ்வொரு துளையும் நோயாளிக்கு அதுவரை இல்லாத புதியதொரு காயமாகும். தடுப்பூசி போடும்போது அக்காயம் கண்ணுக்குப் புலப்படாத அளவில் இருந்து தானே ஆறிவிடுகிறது. இதயத் தமனியின் அடைப்பை நீக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையிலோ, கைத் தமனியிலோ தொடைத் தமனியிலோ 2 மில்லிமீட்டருக்கும் கூடுதலான அகலமுள்ள துளை இடப்படுவதால், சிகிச்சை முடிந்ததும் அதை மூடியாக வேண்டிய கட்டாயம் எழுகிறது. மருத்துவ நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனி இயல்களில் வைத்துப் பேசுகின்றன. ஊசிக்குழல், அதாவது வழக்கில் சிரிஞ்சு எனப்படுவது, செவிலியர் கையாளும் எளிய பொருளாகவும், தமனித் துளையை மூடும் கருவி இதயவியல் வல்லுநர் மட்டுமே கையாளும் நுண்பொருளாகவும் கருதப்படுவதே அதற்குக் காரணமாகலாம்.

எனினும், இரண்டின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, அவற்றை ஆக்கியோர் எதிர்கொண்ட வினா ஒன்றே என்பது தெளிவாகிறது. உடலைத் துளைக்கும் கருவியை உருவாக்கியவரின் பொறுப்பு, துளை வழியே மருந்தோ குழாயோ உள்ளே சென்றவுடன் முடிந்துவிடுவதில்லை. அத்துளை பாதுகாப்பாக மூடப்படும் வரையிலும், துளைத்த ஊசி மற்றொருவர் உடலைத் தீண்ட இயலாத நிலையை அடையும் வரையிலும் அப்பொறுப்பு நீள்கிறது. இக்கருத்தை இரு கருவிகளின் வளர்ச்சியைக் கொண்டும் நிறுவுவதே இவ்வுரையின் நோக்கம்.

2. ஊசிக்குழலின் தோற்றம்

தோலுக்கு அடியில் மருந்தைச் செலுத்தும் உள்ளீடற்ற ஊசியை 1844-ஆம் ஆண்டில் டப்ளின் நகர மருத்துவரான ஃபிரான்சிஸ் ரிண்ட் பயன்படுத்தினார். முகநரம்பு வலியால் துன்புற்ற ஒரு பெண்ணுக்கு அவர் செலுத்திய மருந்துக் கரைசல், தன் எடையாலேயே ஊசி வழியாக இறங்கியது. அதை அழுத்தித் தள்ளும் உந்துதண்டு அக்கருவியில் இல்லை. உந்துதண்டும் உள்ளீடற்ற ஊசியும் ஒன்றிணைந்த ஊசிக்குழல் 1853-ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில், ஒருவர் முயற்சியை மற்றவர் அறியாமலேயே, பயன்பாட்டுக்கு வந்தது. எடின்பரோவில் அலெக்சாண்டர் வுட் வலியைத் தணிக்க மார்ஃபினைச் செலுத்த அதைக் கையாண்டார். பிரான்சின் லியோன் நகரில் சார்ல் பிரவாஸ் என்னும் அறுவை மருத்துவர், முற்றிலும் வேறொரு தேவைக்காக அதை வடிவமைத்தார்.

பிரவாஸின் நோக்கம் இங்கே தனிக் கவனத்துக்குரியது. தமனிச் சுவர் நலிந்து பை போல் புடைத்துக்கொள்ளும் நோய்க்கு, அப்பைக்குள் இரும்புக் குளோரைடுக் கரைசலைச் செலுத்தினால் குருதி உறைந்து புடைப்பு அடைபடும் என்று அவர் கருதினார். குருதியை உறைய வைக்கும் கரைசல் ஒரு துளி மிகுந்தாலும் தீங்கு நேரும் என்பதால், உந்துதண்டை நேராகத் தள்ளாமல் திருகித் திருகிச் செலுத்தும்படி அமைத்து, ஒவ்வொரு திருகலுக்கும் இவ்வளவு மருந்துதான் வெளியேறும் என்னும் வரையறையை அவர் ஏற்படுத்தினார். ஆகவே, ஊசிக்குழலின் மூல வடிவங்களுள் ஒன்று, இரத்தக்குழாயைத் துளைத்து அதனுள்ளேயே குருதியை உறைய வைப்பதற்காகப் பிறந்தது. அக்கருவியைச் செய்து கொடுத்த பாரிஸ் நகரச் சாரியேர் தொழிற்கூடத்தின் பெயரே, இன்றளவும் இரத்தக்குழாய்க்குள் செலுத்தப்படும் குழாய்களின் தடிமனை அளக்கும் அலகுக்கும் வழங்குகிறது. மூன்று அலகு ஒரு மில்லிமீட்டருக்குச் சமமான அவ்வளவையை மருத்துவர்கள் இன்று ‘பிரெஞ்சு’ என்று சுருக்கமாகக் குறிப்பிடுகின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் லூயர் நிறுவனம் முழுவதும் கண்ணாடியாலான ஊசிக்குழலை அறிமுகப்படுத்தியது. கொதிநீரில் இட்டுத் தூய்மைப்படுத்தக் கூடியதாகவும், உள்ளிருக்கும் மருந்து வெளியே தெரியக் கூடியதாகவும் இருந்த அது உலகெங்கும் பரவியது. ஊசியைக் குழலோடு பொருத்தும் கூம்பு முனை இன்றும் லூயர் என்ற பெயராலேயே அறியப்படுகிறது. ஆயினும், கொதிக்க வைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்ற அதன் நற்பண்பே, போதிய நேரம் கொதிக்க வைக்காதபோது பெருந்தீங்காக மாறியது. 1956-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் மருந்தாளரும் கால்நடை மருத்துவருமான கொலின் மர்டாக், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியத்தக்க பிளாஸ்டிக் ஊசிக்குழலுக்குக் காப்புரிமை பெற்றார். தூக்கி எறியலாம் என்பதற்கும் தூக்கி எறியாமல் இருக்கவே முடியாது என்பதற்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு; அதைக் கடக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின.

3. தமனிக்குள் செல்லும் வழி

1929-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர், தம் கையின் சிரை வழியாக மெல்லிய குழாயொன்றைத் தம் இதயம் வரை செலுத்தி, அதை எக்ஸ்ரே படமாகப் பதிவு செய்தார். உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் குழாயைச் செலுத்த முடியும் என்பது நிறுவப்பட்ட பின்னரும், தமனிக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. தோலை வெட்டித் தமனியை வெளிக்கொணர வேண்டும். அல்லது குழாயே நுழையக்கூடிய அளவுக்குப் பருத்த ஊசியால் குத்த வேண்டும். பின்னதில் தமனியில் விழும் துளை, உள்ளே செல்லும் குழாயைவிடப் பெரியதாக இருந்ததால் குருதி கசிவதைத் தவிர்க்க இயலவில்லை.

ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் பணியாற்றிய ஸ்வென்-இவார் செல்டிங்கர் 1953-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இச்சிக்கலைத் தீர்த்தது. மெல்லிய ஊசியால் தமனியைக் குத்தி, ஊசியினூடே வழிகாட்டிக் கம்பியைச் செலுத்தி, கம்பியை மட்டும் உள்ளே விட்டு ஊசியை உருவி எடுத்து, அதே கம்பியின் மேலாகக் குழாயைத் தமனிக்குள் செலுத்துவதே அவருடைய முறை. தமனியின் துளை குழாயின் பருமனைவிடப் பெரிதாகாது என்பதே இதன் உயிர்நாடி. 1977-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் சூரிச் நகரில் இதயத் தமனிக்கான முதல் பலூன் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்ததும், அதன்பின் ஸ்டென்ட் சிகிச்சை உலகெங்கும் பரவியதும் இவ்வழி திறந்திருந்ததால்தான் இயன்றன.

துளையைச் சிறிதாக்கிய செல்டிங்கர் முறை, துளையை மூடும் வேலையை மருத்துவரின் விரல்களிடமே விட்டது.

4. கையழுத்தமும் அதன் வரம்பும்

தமனியில் துளை விழுந்தவுடன் உடல் தன் காப்பு வேலையைத் தொடங்குகிறது. தமனிச் சுவரின் தசை சுருங்கித் துளையைக் குறுக்குகிறது. சுவரிலுள்ள கொலாஜன் என்னும் புரதம் குருதியில் பட்டதும் தட்டணுக்கள் அதன்மேல் படிந்து ஒன்றோடொன்று பிணைகின்றன. த்ராம்பின் என்னும் நொதி, குருதியில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜெனை ஃபைப்ரின் இழைகளாக மாற்ற, அவ்விழைகள் தட்டணுக்களின் மேல் பின்னி அடைப்பை உறுதியாக்குகின்றன. மருத்துவரோ செவிலியரோ துளையின்மேல் விரல்களால் அழுத்துவது, இவ்வேலை முடியும் வரை குருதியின் வேகத்தை அடக்கி வைப்பதற்கேயாகும்.

தொடைத் தமனி, இடுப்பு மூட்டில் தொடையெலும்பின் தலைப்பகுதிக்கு மேலாகச் செல்லும் இடத்தில் துளைக்கப்பட்டால், விரலுக்கும் எலும்புக்கும் இடையே அது நன்றாக அழுந்தும். துளை அதற்குச் சற்று மேலே அமைந்துவிட்டால் பின்னால் எலும்பின் தாங்கல் இல்லாமையால், குருதி வயிற்றறையின் பின்புறத்தில் வெளியே தெரியாமலேயே தேங்கி உயிருக்கு உலை வைக்கலாம். சற்றுக் கீழே அமைந்தால், கசிந்த குருதி தமனியோடு தொடர்பு அறுபடாமல் பையாகத் தேங்கும் போலிப் புடைப்பு தோன்றலாம். துளையிடும் இடத்தில் ஏற்படும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பிழை, துளையை மூடும் நேரத்தில்தான் தன் விலையைக் கேட்கிறது.

கையழுத்தத்தின் மெய்யான நெருக்கடி ஸ்டென்ட் சிகிச்சையோடு தோன்றியது. இதயத் தமனிக்குள் வைக்கப்பட்ட உலோக வலைக்குழாயில் குருதி உறைந்தால் மாரடைப்பு நேரும் என்பதால் ஹெப்பாரின், ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. அதே நோயாளியின் தொடைத் துளையிலோ குருதி உறைந்தே ஆகவேண்டும். ஓரிடத்தில் உறையக் கூடாத குருதி மற்றோரிடத்தில் விரைந்து உறைய வேண்டும் என்னும் இம்முரண், நோயாளி பல மணிநேரம் காலை மடக்காமல் மல்லாந்து படுத்திருக்கவும், தொடைமேல் மணல் மூட்டை வைக்கப்படவும், இரத்தக்கட்டு தோன்றுகிறதா என்று செவிலியர் திரும்பத் திரும்ப வந்து பார்க்கவும் காரணமாயிற்று.

5. துளையை மூடும் கருவிகள்

1990-கள் தொடங்கி இச்சிக்கலுக்கு மூவகைத் தீர்வுகள் முன்வைக்கப்பட்டன. உறைவைத் தூண்டும் பொருளைத் துளைமேல் வைத்து அடைப்பது முதல் வகை. தமனிச் சுவரைத் தைப்பது இரண்டாவது. தமனிக்கு வெளியிலிருந்து உலோகக் கவ்வியால் துளையின் விளிம்புகளைச் சேர்ப்பது மூன்றாவது.

முதல் வகையில் நீண்ட காலம் நிலைபெற்ற ஆஞ்சியோசீல் என்னும் கருவி 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது. இதன் செயல்முறை அண்மையில் வைத்துப் பார்க்கத் தக்கது. சிகிச்சைக் குழாய்கள் சென்றுவரத் தமனியில் வைக்கப்பட்டிருந்த உறைக்குழாயை உருவி, வழிகாட்டிக் கம்பியின் மேலாகக் கருவிக்குரிய உறைக்குழாய் செலுத்தப்படுகிறது. அதன் முனை தமனிக்குள் இருக்கும் வரை, பக்கவாட்டிலுள்ள சிறு துளை வழியே குருதி வெளியே சொட்டும். குழாயை மெல்லப் பின்னுக்கு இழுக்கும்போது சொட்டுவது நின்றால், முனை தமனியை விட்டு வெளியேறிவிட்டது என்று பொருள். தமனிச் சுவர் எங்கே இருக்கிறது என்பதை நோயாளியின் குருதியே மருத்துவருக்குக் காட்டிக்கொடுக்கிறது. பிறகு முனையை மீண்டும் சற்று உள்ளே செலுத்தி, உடலில் கரையக்கூடிய பிளாஸ்டிக்கால் ஆன தட்டையான சிறு நங்கூரம் தமனிக்குள் விடப்படுகிறது. கருவியைப் பின்னிழுக்கும்போது, சட்டைப் பொத்தான் துணியின் துளையில் குறுக்காக நின்று கழலாதிருப்பதைப் போல, அந்நங்கூரம் தமனிச் சுவரின் உட்புறத்தில் குறுக்காக நின்றுவிடுகிறது. அதனோடு நூலால் பிணைக்கப்பட்ட கொலாஜன் பஞ்சு வெளிப்புறத்தில் அழுத்தப்பட, துளை உள்ளும் புறமும் அடைபடுகிறது. நூல் தோலுக்குக் கீழே வெட்டப்படுகிறது. நங்கூரமும் பஞ்சும் நூலும் ஏறத்தாழ 90 நாள்களில் உடலோடு கரைந்துவிடுகின்றன.

தைக்கும் வகையைச் சேர்ந்த பெர்குளோஸ் கருவிகளில், தோலைத் திறக்காமலேயே நுண்ணூசிகள் தமனிச் சுவரினூடே நூலை இட்டுச் சென்று முடிச்சை இறக்குகின்றன. 2002-ஆம் ஆண்டில் பிரான்சின் ரூவான் நகரில் அலென் கிரிபியே, மார்பைத் திறக்காமல் குழாய் வழியே இதய வால்வைப் பொருத்திய பின், அச்சிகிச்சை தொடைத் தமனி வழியே செய்யப்படலாயிற்று. தொடக்கத்தில் அதற்குரிய உறைக்குழாய்கள் 22 முதல் 24 பிரெஞ்சு, அதாவது 7 முதல் 8 மில்லிமீட்டர் வரை பருமனுடையவையாக இருந்தன. இவ்வளவு பெரிய துளையை விரலால் அழுத்தி மூடுவது நடைமுறைக்கு ஒவ்வாது. துளை சிறிதாக இருக்கும்போதே நூல்களை முன்னதாக இட்டு வைத்து, அதன்பின் துளையைப் பெரிதாக்கிச் சிகிச்சையை முடித்து, இறுதியில் அந்நூல்களை இறுக்கும் முறை இதற்குத் தீர்வாயிற்று. மூடுவதற்கான ஏற்பாட்டை முடித்துக்கொண்டே பெருந்துளையைத் திறப்பது என்னும் இந்நெறி, இத்துறையின் மிகச் சிறந்த சிந்தனை என்று கூறத்தகும்.

6. சான்றுகள் காட்டும் நெறி

புதிய கருவி வந்ததாலேயே நோயாளிக்கு நன்மை விளைந்தது என்று கொள்ள இயலாது. ஜெர்மனியில் நடந்து 2014-ஆம் ஆண்டில் வெளியான ‘இசார் குளோஷர்’ ஆய்வு, தொடைத் தமனி வழியே ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 4,524 பேரை மூடும் கருவி பெற்றோர், கையழுத்தம் பெற்றோர் எனப் பகுத்து ஒப்பிட்டது. குருதி நிற்க எடுத்த நேரத்தின் நடுமதிப்பு கருவிக்கு 1 நிமிடமாகவும் கையழுத்தத்துக்கு 10 நிமிடங்களாகவும் இருந்தது. துளையிட்ட இடத்தின் சிக்கல்களோ முறையே 6.9, 7.9 விழுக்காடு. கருவி கையழுத்தத்துக்குத் தாழ்ந்ததன்று என்பதை நிறுவிய இவ்வாய்வு, சிக்கலைக் கருவி ஒழித்துவிட்டது என்று கூறவில்லை. 2017-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கத் தேசியப் பதிவேட்டு ஆய்வொன்று, ஏற்கெனவே பரவலாகப் புழக்கத்திலிருந்த மூடும் கருவி ஒன்றில் இரத்தக்குழாய்ச் சிக்கல் 1.2 விழுக்காடு என்றும், பிற கருவிகளில் அது 0.8 விழுக்காடு என்றும் காட்டியது. இவ்வளவு சிறிய வேறுபாடு தனியொரு மருத்துவரின் அனுபவத்துக்கு ஒருபோதும் எட்டாது. பல்லாயிரம் நோயாளிகளின் பதிவுகளை இடைவிடாது கண்காணித்தால் மட்டுமே அது வெளிப்படும்.

இதனினும் ஆழமான பாடத்தை மணிக்கட்டு வழிச் சிகிச்சை கற்பித்தது. 1989-ஆம் ஆண்டில் மான்ட்ரியாலின் லூசியன் காம்போ மணிக்கட்டுத் தமனி வழியே இதயத் தமனிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார்; 1992-இல் ஆம்ஸ்டர்டாமின் ஃபெர்டினாண்ட் கீமனெய் அதே வழியில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்தார். அத்தமனி தோலுக்கு மிக அருகில், எலும்பின் மேலேயே ஓடுகிறது. உள்ளங்கைக்கு மற்றொரு தமனியும் குருதி தருகிறது. எனவே, காற்றூதிய ஒளிபுகும் பட்டையை மணிக்கட்டில் கட்டி, துளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் போதும். நோயாளி எழுந்து நடமாடலாம். 7,021 பேரை உட்படுத்தி 2011-இல் வெளியான ‘ரைவல்’ ஆய்வில், பெரிய இரத்தக்குழாய்ச் சிக்கல்கள் மணிக்கட்டு வழியில் 1.4 விழுக்காடாகவும் தொடை வழியில் 3.7 விழுக்காடாகவும் இருந்தன. மூடுவதற்கு அரிய துளையை மூட நுண்கருவி படைப்பதைவிட, மூடுவதற்கு எளிய இடத்தில் துளையிடுவது பல வேளைகளில் மேலான கண்டுபிடிப்பாகும். பெருங்குழாய்கள் தேவைப்படும் வால்வுச் சிகிச்சைக்கு மணிக்கட்டு இடம் தராது என்பதால் மூடும் கருவிகளின் தேவை நீடிக்கிறது. ஆனால் அத்தேவை எங்கே மெய்யானது என்பதை மணிக்கட்டு வழியே வரையறுத்துக் காட்டியது.

7. மறுமுறை இயங்காத ஊசிக்குழல்

ஊசிக்குழலின் துளை தானே மூடிக்கொள்ளும். அதன் தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. எகிப்தில் 1950-கள் தொடங்கி 1980-கள் வரை, நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க நடந்த அரசு இயக்கத்தில், சரியாகத் தூய்மைப்படுத்தப்படாத கண்ணாடி ஊசிக்குழல்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்டதால் ஹெப்படைட்டிஸ் சி கிருமி பெருவாரியாகப் பரவியது. 2000-ஆம் ஆண்டில் மட்டும், தூய்மையற்ற ஊசிகளால் உலகில் 2 கோடியே 10 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் பி தொற்றும், 20 லட்சம் பேருக்கு ஹெப்படைட்டிஸ் சி தொற்றும், 2 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2009-ஆம் ஆண்டில் குஜராத்தின் மோடாசா வட்டாரத்தில் ஹெப்படைட்டிஸ் பி பரவிப் பலர் உயிரிழந்த நிகழ்வும், பயன்படுத்திய ஊசிக்குழல்களை மீண்டும் பயன்படுத்தியதோடு தொடர்புடையதாகவே கண்டறியப்பட்டது. எகிப்தில் தூய்மைப்படுத்தும் முறை தவறியது. மோடாசாவில் ஒருமுறைக்கு மட்டுமே உரிய பொருள் மறுமுறையும் இயங்கியது. இரண்டு இடங்களிலும் தீமைக்கு இடம்கொடுத்தது, மறுமுறை பயன்பட மறுக்காத கருவியே.

இங்கிலாந்தின் மார்க் கோஸ்கா, ஊசிகளை மீண்டும் பயன்படுத்துவதால் எச்.ஐ.வி. பரவும் என்று எச்சரித்த நாளிதழ்ச் செய்தியை 1984-இல் படித்ததைத் தொடர்ந்து உருவாக்கிய ஊசிக்குழல், தூக்கி எறியலாம் என்பதற்கும் தூக்கி எறியாமல் இருக்கவே முடியாது என்பதற்கும் இடையிலான இடைவெளியை அடைத்தது. குழலின் உட்சுவரில் மெல்லிய வளையம் ஒன்று அமைந்திருக்கும். மருந்தை முழுவதும் செலுத்தியதும் உந்துதண்டு அவ்வளையத்தைக் கடந்து பூட்டிக்கொள்ளும். வலிந்து பின்னுக்கு இழுத்தால் தண்டு ஒடிந்துவிடும். வழக்கமான ஊசிக்குழல் தொழிற்சாலைகளிலேயே சிறு மாற்றங்களோடு இதைச் செய்ய முடிந்ததால் விலை பெரிதாக உயரவில்லை. 1999-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகளும், 2003-ஆம் ஆண்டு முடிவதற்குள் எல்லா நாடுகளும் தடுப்பூசிக்குத் தானே செயலிழக்கும் ஊசிக்குழல்களையே பயன்படுத்த வேண்டும் என்று கூட்டாக வலியுறுத்தின. 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், மறுபயன்பாட்டைத் தடுக்கும் அமைப்பைச் சிகிச்சை ஊசிகளுக்கும் விரிவாக்கியது. ஊசியைப் பயன்படுத்தியவுடன் அதைக் குழலுக்குள் இழுத்துக்கொள்ளும் மற்றொரு வகை, செவிலியரின் விரலில் ஊசி குத்துவதைத் தடுக்க வந்தது.

ஊசிக்குழலின் செம்மையாக்கம் தொற்றோடு நிற்கவில்லை. உந்துதண்டை முழுவதும் தள்ளிய பின்னரும் ஊசியின் அடியிலும் கூம்பு முனையிலும் சிறிது மருந்து தேங்கும். அதைத் தேக்க அளவு எனலாம். 2021-ஆம் ஆண்டில் ஃபைசர் கொரோனா தடுப்பூசிக் குப்பியில், நீர்த்த பின் இருந்த மருந்து 2.25 மில்லிலிட்டர், ஒருவருக்குரிய அளவு 0.3 மில்லிலிட்டர். ஒவ்வொரு முறையும் 0.08 மில்லிலிட்டர் தேங்கும் சாதாரண ஊசிக்குழலால் ஆறு பேருக்குப் போட 2.28 மில்லிலிட்டர் தேவைப்படும். ஆறாமவருக்கு மருந்து போதாது. தேக்க அளவு 0.035 மில்லிலிட்டருக்கு மிகாத ஊசிக்குழலால் ஆறு பேருக்கும் 2.01 மில்லிலிட்டர் போதும். கூம்பு முனையின் வடிவத்தில் செய்யப்பட்ட சிறு மாற்றம், உலகமே தடுப்பூசிக்குத் தவித்த காலத்தில் ஒவ்வொரு குப்பியிலும் இன்னோர் உயிருக்குக் காப்பளித்தது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று அளவுகோல்கள் பெறப்படுகின்றன. கருவியின் வேலை முடிந்த பின் உடலில் எஞ்சும் துளையும், வெளியே எஞ்சும் ஊசியும் கருவியின் வடிவமைப்புக்குள் அடங்க வேண்டும் என்பது முதலாவது. களைத்த கையும் அவசரமும் வறுமையும் உள்ள இடத்தில் கருவி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கொண்டே அதை மதிப்பிட வேண்டும் என்பது இரண்டாவது. தேர்ந்த வல்லுநரின் கையில் மட்டும் நன்கு இயங்கும் கருவி பாதி வளர்ந்த கருவியே. சந்தைக்கு வந்த பின்னரும் கருவியின் விளைவுகளைப் பெரும் பதிவேடுகளின் வழியே தொடர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது மூன்றாவது.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள் நடைமுறைக்கு வந்து, 2020-ஆம் ஆண்டு முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டுள்ள இக்காலத்தில், பொறியியல் கல்லூரிகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் கருவி வடிவமைப்பைப் பயிலும் மாணவர்கள் தம் முதல் வரைபடத்தைத் தீட்டுமுன் வார்டில் இரவுப் பணி பார்க்கும் செவிலியரோடு சில நாள்கள் இருந்து பழக வேண்டும். அவர்களுடைய பாடத்திட்டத்தில் அது கட்டாயப் பகுதியாக வேண்டும். மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்குவோரும், ஒப்பந்தப்புள்ளியில் விலையைக் கேட்பதற்கு முன், இக்கருவி மறுமுறை பயன்பட மறுக்குமா, இது இடும் துளையை மூடும் வழி என்ன என்னும் இரண்டு வினாக்களை எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற வேண்டும்.